தலைவருக்கு நிற்கச் சொல்கிறார்கள்: வேலையும் வீடும் வைத்துக்கொண்டு முடியுமா?

மாந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 36. மாங்கூழ் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் என்றால் விடிகாலை நாலரைக்குக் கம்பெனி பஸ். நைட் வாரம் என்றால் பகலெல்லாம் அவர் தூங்கவேண்டும், வீட்டில் மிக்ஸி போட முடியாது, சட்னியை அம்மியில்தான் அரைக்கிறேன். மகள் பத்தாவது, மகன் ஐந்தாவது. மாமியாருக்குச் சர்க்கரை.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு ஒதுக்கீட்டில் வரும் என்று ஊரில் பேச்சு. பட்டியலும் வரவில்லை, தேதியும் வரவில்லை. 2025 ஜனவரியில் பழைய மன்றம் முடிந்ததிலிருந்து தனி அலுவலர்தான் பார்க்கிறார். ஆனாலும் ஆள் தேடல் ஆரம்பமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என் பெரிய மாமனார் நாலு பேரோடு வந்து உட்கார்ந்தார். “படிச்ச புள்ள, கணக்குத் தெரியும், நீ நில்லும்மா” என்றார். காபி குடித்தார்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நீ கையெழுத்து மட்டும் போடு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் முனையில் தெருவிளக்கு எரிந்து எட்டு மாதமாகிறது. டியூஷன் முடிந்து வரும் மகளை தினமும் அங்கே போய் நின்று கூட்டிவருகிறேன். அந்த ஒரு விளக்குக்காகவே நிற்கலாம் போல இருக்கிறது. ஆனால் ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் லாரி கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் வரிசையில் நிற்கும். அந்த இரண்டு மாதம் நான் வீட்டுக்கு வருவதே ராத்திரி பத்து மணிக்கு.

வேலைக்குப் போய்க்கொண்டே பதவியில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எப்படிச் சமாளித்தீர்கள்?

அரூர்க்காரன்

எதுக்குச் சமாளிக்கணும்? தலைவரான ஆறாவது மாதம் வாசலில் புது வண்டி நிற்கும், கம்பெனி வேலையை நீங்களே விட்டுவிடுவீர்கள். எங்கள் ஊரில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நாகாவதிக்கரை

அரூர்த் தம்பி, என் வாசலில் 2011இல் வாங்கிய ஸ்கூட்டிதான் இன்றும் நிற்கிறது, வந்து பாருங்கள்.

தங்கச்சி, நான் பென்னாகரம் பக்கம். 2020 ஜனவரி 6ஆம் தேதி தலைவராகப் பதவி ஏற்றேன், 2025 ஜனவரி 5இல் இறங்கினேன். அதற்கு முன் தனியார் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு டீச்சர். முதல் இரண்டு மாதம் பள்ளிக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். மார்ச்சில் கொரோனா. பள்ளியைப் பூட்டலாம், ஊராட்சியைப் பூட்ட முடியுமா? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் லாரி ஏறியும் நடந்தும் ஊர் வந்து சேர்ந்தார்கள். ப்ளீச்சிங் பவுடர், கபசுரக் குடிநீர், தகரம் அடித்த தெருக்கள். எல்லாம் அடங்கி பள்ளி திறந்தபோது என் வகுப்பில் வேறு டீச்சர். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நடுவில் ஒரு தடவைகூட நான் போன் பண்ணி “திரும்பி வருகிறேன்” என்று சொல்லவில்லை.

கூட்டம், தீர்மானம், பிடிஓ ஆபீஸ் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகவே பழகாதது தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. பிள்ளைகள் சிரித்தால் பல்லில் காவிக்கறை தெரியும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தபிறகு குடிக்க அது, புழங்க போர் தண்ணீர் என்று ஆகிவிட்டது. லைனில் எங்கே உடைந்தாலும் காலை நாலரைக்கு எனக்குத்தான் போன். டேங்க் ஆபரேட்டர் நம்பர் எல்லோரிடமும் இருக்கும், ஆனால் தலைவரை எழுப்பினால்தான் அவர்களுக்குத் திருப்தி. ஒரு நாள் வால்வு குழிக்குள் ஆபரேட்டர் இறங்கி மண்ணை அள்ள, நான் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு டார்ச் பிடித்தபடி நிற்கிறேன். எதிரே என் மகளின் ஸ்கூல் வேன் போகிறது. வேனுக்குள் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. இல்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப ஆளில்லை.

அப்புறம் சாவு, கல்யாணம், காதுகுத்து. கிராம சபைக்கு வராவிட்டால்கூட மன்னிப்பார்கள், சாவுக்கு வராவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். ஐந்து வருஷத்தில் மூன்று மொய் நோட்டு தீர்ந்தது. அரசு தரும் மதிப்பூதியம் மாலை வாங்கவே சரியாகிவிடும்.

வீட்டுக்காரர் விஷயமும் சொல்லவேண்டும். ஜெயித்த மறுநாளே ஊரில் அவரை “தலைவரே” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் மாதம் இரண்டு பேரும் சிரித்தோம். மூன்றாவது மாதம் அவர் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருஷம் ஆனது, தண்ணீரைவிடப் பெரிய வேலை அது.

செகண்ட் ஷிஃப்ட்

நான் ஆம்பளை, ஓசூருக்குப் பக்கத்து ஊராட்சியில் அதே 2020–25 வார்டு உறுப்பினர். மெஷின் ஷாப் வேலை. என் கதை அக்கா கதையளவு பெரிசில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன்.

தேர்தலுக்கு டெபாசிட் வார்டுக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600. 2019இல் செலவு உச்சவரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000. நான் டீ, வடை, நோட்டீஸ் என்று வரம்புக்குள் முடித்தேன். தலைவருக்கு நின்றவர்கள் எப்படி முடித்தார்கள் என்பதை அரூர்க்காரர் சொல்வார்.

தனியார் கம்பெனி ஆள் நிற்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் கூட்டத்துக்கு லீவு கொடு என்று கம்பெனியைக் கேட்கவும் சட்டம் இல்லை. எல்லாம் கேஷுவல் லீவில் கழியும், இல்லையென்றால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளவேண்டும். எனக்கு மாற்றிக்கொடுத்த நண்பனுக்கு வாங்கித் தந்த பிரியாணியைக் கணக்குப் போட்டால் ஒரு கிராம் தங்கம் வரும்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் கம்பெனி லீவு நாள், அதனால் பிரச்சினை இல்லை என்று முதலில் சந்தோஷப்பட்டேன். மார்ச் 22க்கும் நவம்பர் 1க்கும்தான் அடித்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன். கல்யாணமானவர்களுக்குப் புரியும். அந்த நாலு நாளும்தான் நான் வீட்டில் இருக்கும் நாலு நாள். மே 1க்கு ஒகேனக்கல் கூட்டிப்போகிறேன் என்று வருஷா வருஷம் சொன்னேன். கொரோனா வருஷங்களில் கொரோனா. மற்ற வருஷங்களில் கிராம சபை. பரிசலை என் பிள்ளைகள் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறார்கள்.

குளிர்தேசம்

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், சொந்த ஊர் காவேரிப்பட்டணம். இங்கே 1996ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத்தில் 50ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. உள்ளூர் கவுன்சிலராக இருக்கும் ஊழியருக்கு மன்ற வேலைக்கு நியாயமான அளவு நேரம் விடவேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டிய கட்டாயம் கிடையாது. என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் கவுன்சிலர், மாதம் இரண்டு மதியம் காணாமல் போவார், யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

செகண்ட் ஷிஃப்ட்

இங்கே 50ஆவது பிரிவு என்பது சூப்பர்வைசர் அன்று காலையில் வீட்டில் சண்டை போட்டாரா இல்லையா என்பதுதான் சார்.

தீர்மான நோட்டு

நான் ஊராட்சிச் செயலர். தர்மபுரி மாவட்டம், அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

மாந்தோப்பு அம்மா, உங்கள் பதிவில் நான் நின்ற இடம் அந்த “கையெழுத்து மட்டும்”. ஊராட்சியில் கையெழுத்துதான் வேலையே. பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் இரண்டு பேரும் போடவேண்டும். பைப் வாங்கிய பில், மோட்டார் காயில் கட்டிய பில், தெருவிளக்கு பில் எல்லாம் உங்கள் கையெழுத்தில் போகும். நாளைக்கு ஆடிட்டில் “பத்து பல்பு வாங்கியதாகப் பில், ஸ்டாக்கில் ஏழு” என்று பாரா எழுதினால் பதில் உங்கள் பெயருக்குத்தான் கேட்பார்கள். பதவி முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுகூட கடிதம் வரும். மற்றதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஆள் அந்தக் கடிதத்தைப் பிரிக்கக்கூட வரமாட்டார். விவகாரம் முற்றினால் கலெக்டர் செக் பவரைப் பிடுங்குவார். அப்போது ஊரில் “அந்தம்மா தின்னுடுச்சு” என்பார்கள், “அந்தம்மாவோட மாமனார்” என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

நேரம் இல்லாத பெண்ணாகப் பார்த்துத்தான் சில பேர் நிறுத்துகிறார்கள். இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் முப்பது வருஷத்தில் பார்த்ததை எழுதுகிறேன். வேலைக்குப் போகிற மருமகள் என்றால் ஆபீஸ் பக்கம் வரமாட்டாள், தீர்மான நோட்டு மட்டும் வீட்டுக்குப் போகும். நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அடுப்படியில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எங்கே போடணும் என்று கேட்டுப் போட்டுத் தருவார்கள். என்ன தீர்மானம் என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரிடம் பத்து நிமிஷம் நின்று படித்துக் காட்டினேன், தோசை கருகியது.

இன்னொன்று. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அவர் எதிர்க்கோஷ்டி ஆளாக அமைந்தால் கையெழுத்துப் போடாமல் இழுப்பார். டேங்க் ஆபரேட்டர் சம்பளம் நிற்கும், தண்ணீர் நிற்கும். நாலரை மணிக்கு அக்காவுக்குப் போன் வந்த மாதிரி உங்களுக்கும் வரும். அந்தச் சமாதானப் பேச்சுக்கெல்லாம் லீவு எந்தக் கம்பெனியும் தராது.

ஆனால் ஒன்று, நீங்கள் கணக்கு தெரிந்தவர். கேஷ் புக்கைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த தலைவர் வந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பயமும் வரும், நிம்மதியும் வரும்.

அரூர்க்காரன்

செயலர் சார் சொன்னபிறகு எனக்குப் பேச ஒன்றுமில்லை. புது வண்டி நிற்பது மாமனார் வாசலில் என்று திருத்திக்கொள்கிறேன்.

மாந்தோப்பு

சார், அந்தத் தோசைக் கதை இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. கம்பெனியில் யாராவது பில்லைத் திருப்பி வைத்துக் கையெழுத்துக் கேட்டால் முறைப்பேன். ஊர்க்காரியத்தில் அதையே செய்ய இருந்தேன்.

பணம் பற்றியும் கேட்கவேண்டும், வெட்கப்பட்டு ஆகாது. பதவிக்கு வந்தால் என்னதான் கிடைக்கும்? எனக்கு இப்போது மாதம் 17,000 சம்பளம். வீட்டு லோன் அதில்தான் போகிறது.

ரோஜாக்கூடை

நான் பேரூராட்சி கவுன்சிலர், கிருஷ்ணகிரி மாவட்டம், 2022 பிப்ரவரி 19 தேர்தலில் ஜெயித்தவள். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. எங்களுக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 2,500 மதிப்பூதியம். நகராட்சி கவுன்சிலருக்கு 5,000, மாநகராட்சிக்கு 10,000. ஓசூரில் இருப்பவர்களுக்கு அந்த 10,000. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு இப்படி மாதப் பணம் இல்லை, கூட்டத்துக்கு வந்தால் படி.

எங்கள் மன்றத்தில் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். கவுன்சிலர் என்பதால் அவருக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000 கிடையாது. அப்போ 2,500இல் மிச்சம் 1,500. கூட்டத்தன்று பூவுக்குப் போகமுடியாது, அன்றைய கூலி போச்சு. வார்டுக்காரர்கள் வந்தால் டீ. எல்லாம் கழித்துப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், “பூவே பரவால்ல கண்ணு, முள்ளு எங்க இருக்குன்னு தெரியும்.” கிராம ஊராட்சித் தலைவருக்கும் உரிமைத்தொகை கிடையாது, வார்டு உறுப்பினருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. நீங்கள் வாங்குகிறவராக இருந்தால் மாமியாரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், பின்னால் பிரச்சினை வரும்.

என் கதை ஒன்று. ஜெயித்த புதிதில் ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் டீம் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கு வெளியே பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றித் தெலுங்கில் சத்தம் போடுகிறார். மியூட் பண்ண மறந்துவிட்டேன். டீமில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். அத்தனை பேரும் எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். அன்று மேனேஜரிடம் எல்லாம் சொன்னேன். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்றார். அதிலிருந்து மன்றக் கூட்டத்தன்று அரை நாள் லீவு எழுதிவிடுகிறேன். எல்லா மேனேஜரும் அப்படி இருக்கமாட்டார்கள், ஆனால் கேட்காமலே பயப்படுவதில் அர்த்தமில்லை. வேட்புமனு கொடுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

பின்பெஞ்ச்

பெரியவர்கள் பேசுகிற இடம், இருந்தாலும் எழுதுகிறேன். என் அம்மா 2020லிருந்து 2025 வரை தலைவர். நான் அப்போது பள்ளி, 2022இல் ப்ளஸ் டூ.

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு பாக்கெட் பால். காலை ஆறுக்கே திண்ணையில் ஆள் இருக்கும். போனை நான்தான் எடுப்பேன். “அம்மா குளிக்கிறாங்க” என்று சொல்லிச் சொல்லி, ஊரிலேயே அதிகம் குளிக்கிற தலைவர் என்று பேராகிவிட்டது.

பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மா ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. ஆனால் வந்தால் மற்ற அம்மாக்கள் பெஞ்சில், என் அம்மாவுக்குத் தனியாக பிளாஸ்டிக் சேர். எச்.எம். காம்பவுண்ட் சுவர் பற்றிப் பேசுவார், கணக்கு சார் பாத்ரூமுக்குத் தண்ணீர் கனெக்‌ஷன் கேட்பார். கால் பரீட்சையில் கணக்கில் நான் 31 மார்க். ஒருத்தரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி அம்மா, “சார் உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே, நல்லாத்தான் படிக்கிற போல” என்றபோதுதான் என்னவோ மாதிரி இருந்தது.

சுவர் கட்டி முடித்தார்கள், நல்ல சுவர். மாந்தோப்பு அக்கா, உங்கள் மகளிடம் கேட்டீங்களா?

மாந்தோப்பு

பின்பெஞ்ச் தம்பி, கேட்கவில்லை. உன் பதிவைப் படித்த அன்றே கேட்டேன். “நீ நின்னா நான் போன் எடுக்கமாட்டேன், பப்ளிக் எக்ஸாம் இருக்கு. லைட்டு மட்டும் போட்டுக் குடு” என்றாள். இவ்வளவுதான் அவள் தேர்தல் அறிக்கை.

மற்ற விவரம். மேனேஜரைக் கேட்டேன். சீசனில் ஒரு நாள்கூட விடமுடியாது, மற்ற மாதங்களில் முன்கூட்டிச் சொன்னால் பார்க்கலாம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. தலைவர் என்றால் ஜூன், ஜூலை இரண்டு மாதம் ஊரில் காணாமல் போகமுடியாது. அப்படிப் போனால் அந்த இரண்டு மாதம் நோட்டு பெரிய மாமனார் வீட்டுக்குப் போகும். அதனால் தலைவர் வேண்டாம், எங்கள் வார்டுக்கு நிற்கிறேன் என்று முடிவு செய்திருக்கிறேன். வார்டு பெண்களுக்கு வந்தாலும் சரி, பொதுவில் வந்தாலும் சரி. பொது என்றால் பெண் நிற்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையே.

வீட்டுக்காரர் “உன் இஷ்டம்” என்றார். அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் பல அர்த்தம் உண்டு, இந்தத் தடவை நல்ல அர்த்தம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பெரிய மாமனார் திரும்பி வந்தார். வார்டுக்கு மட்டும் என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “வார்டுக்கு எதுக்கும்மா நீ? தலைவர்னா கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொன்னேனே” என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் என் மாமியார், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், உள்ளேயிருந்து சொன்னார்: “கையெழுத்து மட்டும்னா என் கட்டைவிரல் ரேகை பத்தாதா? படிச்சவ எதுக்கு உனக்கு?” பெரிய மாமனார் காபியை முழுசாகக் குடிக்கவில்லை.

தீர்மான நோட்டு

உங்கள் மாமியாரை நிறுத்துங்கள். நான் ஓட்டுக் கேட்டு வருகிறேன்.

நாகாவதிக்கரை

வார்டு என்றால் லேசு என்று நினைக்காதே தங்கச்சி. கணக்கு தெரிந்த உறுப்பினர் என்றால் மற்ற உறுப்பினர்கள் சேர்ந்து துணைத்தலைவர் ஆக்கிவிடுவார்கள். செயலர் சார் சொன்ன இரண்டாவது கையெழுத்து அதுதான். ஆக்கினால் ஒத்துக்கொள், ஆனால் நோட்டை நீ ஆபீஸில் போய்ப் பார்க்கவேண்டும், சனிக்கிழமை சாயங்காலமாவது. வீட்டுக்குக் கொண்டுவர விடாதே.

பதவிக்குத் தனி சிம் வாங்கு. நான் மூன்றாவது வருஷம்தான் வாங்கினேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்தப் போன் ஹாலில் கிடக்கும், என்னோடு படுக்கைக்கு வராது. தண்ணீர் உடைப்பு என்றால் ஆபரேட்டர் மட்டும் என் சொந்த நம்பருக்குக் கூப்பிடலாம். மற்றவர்கள் காலையில். முதல் மாதம் திட்டுவார்கள், அப்புறம் பழகிக்கொள்வார்கள். வேலையை மட்டும் விட்டுவிடாதே. அந்த 17,000 இருக்கிற வரைக்கும்தான் மாமனாரை எதிர்த்துப் பேச முடியும். நான் சம்பளம் போனபிறகு எத்தனையோ இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செகண்ட் ஷிஃப்ட்

மாந்தோப்பு, உங்கள் வீட்டுக்காரர் எந்த ஷிஃப்ட் க்ரூப்? கிராம சபை நாளில் மாற்றிக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கம்பெனி ஒன்றாக இருந்தால் நான் வருகிறேன். பிரியாணி வேண்டாம், ஒரு கூடை மாம்பழம் போதும்.

மாந்தோப்பு

மாம்பழம் கண்டிப்பாக அண்ணா, ஆனால் பெங்களூராதான் கிடைக்கும். கூழுக்குத்தான் நல்லாயிருக்கும்.

நேற்று வீட்டுக்காரர் நைட் முடிந்து வரும்போது பட்டன் போன் ஒன்றும் புது சிம்மும் வாங்கிவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். தேர்தலே இன்னும் அறிவிக்கவில்லை, நம்பரை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இன்று காலை ஆறு மணிக்கே அது அடித்தது. மாமியார் ஓடிப்போய் எடுத்து “அம்மா குளிக்கிறாங்க” என்றார். காலர் ட்யூன் வேணுமா என்று கேட்கிற கம்பெனிக்காரப் பெண்.